நிலத்தை விற்று பாங்காக் போவதற்கு முன், அப்பாவின் மருந்துச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார். பதினான்கு மாதங்களுக்கு முன்பு பெரிய மாரடைப்பு வந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. ஸ்டென்ட் வைத்தும் இதயத்தின் பம்பிங் 28 சதவீதத்திலேயே நிற்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறார். பாங்காக்கில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் இதயத் தசை புதிதாக வளர்ந்து பம்பிங் 50க்கு மேல் போய்விடும் என்று சென்னையில் ஒரு முகவர் சொல்கிறார். ஜப்பானில் இதற்கு அனுமதியே கொடுத்துவிட்டார்கள் என்கிறார். ஒரு படத்தொகுப்பும், அங்கே போய்க் குணமாகி வந்தவர்களின் காணொளிகளும் அனுப்பியிருக்கிறார். எல்லாம் சேர்த்து 26 லட்சம் ரூபாய், முன்பணம் இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். ஒன்றரை ஏக்கர் நஞ்சையை விற்க அப்பாவே முடிவு செய்துவிட்டார். மீதியைச் சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அனுப்புவதாகச் சொல்கிறான். போகலாமா டாக்டர்? வேண்டாம் என்றால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? கடைசி எக்கோ, ஈசிஜி, மருந்துச் சீட்டு மூன்றையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். பதினான்கு மாதங்களாக இதே சீட்டைக் காட்டித்தான் கடையில் மருந்து வாங்குகிறோம்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவாரூர் மாவட்டம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் அதோடு வந்த மூன்று படங்களையும் நிதானமாக இரண்டு முறை பார்த்தேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போக வேண்டாம். முன்பணம் கட்ட வேண்டாம். நிலத்துக்கு இன்னும் அச்சாரம் வாங்கவில்லை என்றால் அதையும் நிறுத்தி வையுங்கள். இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்த ஊசி மாரடைப்பில் இறந்துபோன தசையை மறுபடி வளர்க்கும் என்பதற்கு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியும் உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பது முதலாவது. இரண்டாவதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்: இதயச் செயலிழப்பில், அதாவது உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இதயம் தள்ள முடியாத நிலையில், ஆயுளை நீட்டிப்பதாக நிரூபணமான மருந்துகளில் பாதி உங்கள் அப்பாவின் சீட்டில் இல்லை, இருக்கிற மீதியும் தொடக்க அளவிலேயே நின்றுவிட்டது. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனி மிச்சம் இருப்பது பாங்காக்தான் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் மாற்ற விரும்புகிறேன்.

பம்பிங் 28 என்றால் என்ன என்பதை யாராவது உங்களுக்கு விளக்கினார்களா என்று தெரியவில்லை. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எவ்வளவு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அந்தக் கணக்கு. நல்ல இதயமே நூறு சதவீதம் தள்ளுவதில்லை, ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான் தள்ளும். ஆகவே 28 என்று கேட்டதும் நான்கில் மூன்று பங்கு இதயம் செத்துவிட்டது என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அப்பாவின் முன்பக்கத் தமனி ஒன்பது மணி நேரம் அடைபட்டுக் கிடந்ததால் அது இரத்தம் ஊட்டிய தசையில் ஒரு பகுதி இறந்து தழும்பாகிவிட்டது. மீதித் தசை உயிரோடு இருக்கிறது. ஆனால் கூடுதல் பாரத்தைச் சுமந்து களைத்து, அறை விரிந்து, வடிவம் மாறிப்போயிருக்கிறது. தழும்பான பகுதியை இன்றைய மருத்துவத்தால் மீட்க முடியாது. களைத்துப்போன தசையைப் பெருமளவு தேற்ற முடியும்.

இறந்த தசை ஏன் தானாக வளர்வதில்லை என்று கேட்பீர்கள். தோலிலும் கல்லீரலிலும் நடப்பது இதயத்தில் மிக மிக மெதுவாக நடக்கிறது. 2009-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை ஓர் அருமையான வழியில் அளந்தார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எவ்வளவு இதயச் செல்களின் டிஎன்ஏவில் இருக்கிறது என்று பார்த்து, அந்தச் செல்கள் பிறந்த காலத்தைக் கணக்கிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதமும், எழுபத்தைந்து வயதில் அரைச் சதவீதத்துக்கும் குறைவாகவுமே இதயத் தசைச் செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு பெரிய மாரடைப்பில் அழியும் செல்களோ நூறு கோடி அளவுக்கு வரும். இந்தப் பள்ளத்தை வெளியிலிருந்து செல்களைக் கொண்டுவந்து நிரப்பலாமா என்ற கேள்வி நியாயமானது. நானும் மேற்படிப்புக் காலத்தில் அந்த நம்பிக்கையோடுதான் கட்டுரைகளைப் படித்தேன்.

அந்த நம்பிக்கையைப் பெரிதாக ஏற்றிவிட்டது 2001-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. எலும்பு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தியதும் எலியின் இதயத்தில் புதிய தசை முளைத்தது என்று பியெரோ அன்வெர்சாவின் குழு அறிவித்தது. மூன்றே ஆண்டுகளில், 2004-இல், வேறு இரண்டு குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது மஜ்ஜைச் செல்கள் இரத்தச் செல்களாகவே இருந்தன, இதயத் தசையாக மாறவில்லை. ஆனால் அதற்குள் பல நாடுகளில் மனிதர்களுக்குச் செலுத்தும் சோதனைகள் தொடங்கிவிட்டிருந்தன. பின்னர் நடந்த விசாரணையின் முடிவில் 2018 அக்டோபரில், அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வெளியான 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் அதைச் சார்ந்த பிரிகாம் மருத்துவமனையும் பரிந்துரைத்தன. பொய்யான அல்லது திருத்தப்பட்ட தரவுகள் அவற்றில் இருந்தன என்பதே காரணம். உங்கள் முகவர் அனுப்பிய படத்தொகுப்பில் இருக்கும் 'இதயத்தில் தூங்கும் ஸ்டெம் செல்லைத் தட்டியெழுப்புதல்' என்ற வரிக்கு வேர் அந்த ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

மற்ற ஆய்வுகள் எல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக, கவனமாகச் செய்தவர்கள் நிறையப் பேர். ஐரோப்பாவில் மாரடைப்புக்குப் பிறகு சொந்த மஜ்ஜைச் செல்களைச் செலுத்திப் பார்த்த 'பாமி' என்ற ஆய்வு 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 375 பேரோடு நின்று, 2020-இல் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் செல் பெற்றவர்களில் 6 பேரும், பெறாதவர்களில் 7 பேரும் இறந்திருந்தார்கள், வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அப்பாவைப் போல நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம், வட அமெரிக்காவில் 'ட்ரீம்-ஹெச்எஃப்' என்ற ஆய்வு 537 பேருக்குச் செய்யப்பட்டு 2023-இல் வெளியானது. இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலைகளைக் குறைப்பது என்ற அதன் முதன்மை நோக்கம் நிறைவேறவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாக ஒரு குறிப்பு அதில் இருக்கிறது. அது மறு ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டிய குறிப்பு, 26 லட்சத்துக்கு விற்கத்தக்க மருந்து ஆகாது. செலுத்தப்படும் செல்களில் மிகப் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே இதயத்தை விட்டு அகன்று நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்கி அழிந்துவிடுகிறது. தங்கும் சிலவும் தசையாக மாறுவதில்லை.

ஜப்பானைப் பற்றியும் முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே 2015-இல், நோயாளியின் தொடைத் தசையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து இதயத்தின் மேல் ஒட்டும் ஒரு தகட்டுக்கு, பலனை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். பலன் நிரூபணமாகவில்லை என்று 2024-இல் அரசின் வல்லுநர் குழு முடிவு செய்தது. முகவர் முதல் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

இனி, பாங்காக்கில் குணமாகி வந்தவர்களின் காணொளிகள் பற்றி. ஹவாய்த் தீவுகளில் புகழ்பெற்ற பாடகர் டான் ஹோ என்பவர் இருந்தார். இதயத் தசை பலவீனமாகிப் போன அவர் 2005 டிசம்பரில் தாய்லாந்து சென்றார். அவருடைய இரத்தத்தை எடுத்து, செல்களைப் பிரித்து, இஸ்ரேலில் வளர்த்து, திரும்பக் கொண்டுவந்து இதயத்தில் செலுத்தினார்கள். ஊர் திரும்பியவர் உடல் தேறிவிட்டது என்று மகிழ்ச்சியோடு பேட்டி கொடுத்தார், சில வாரங்களில் மறுபடி மேடையும் ஏறினார். அந்தச் செய்தியைப் பார்த்துப் பாங்காக்குக்கு விமானம் ஏறியவர்கள் உண்டு. 2006 செப்டம்பரில் அவருக்கு, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி புதிதாக வைக்க வேண்டி வந்தது. 2007 ஏப்ரல் 14 அன்று, 76 வயதில், இதயச் செயலிழப்பால் காலமானார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த மேடையில் நின்ற நாளில் அவருக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் நன்றாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பாவுக்கும் ஊசிக்குப் பின் சில வாரங்கள் நன்றாகவே இருக்கலாம். அங்கே பத்து நாள் உப்பில்லாச் சாப்பாடு, வேளை தவறாத மாத்திரை, நல்ல உறக்கம், பக்கத்தில் எப்போதும் ஒரு செவிலியர். இவை மட்டுமே உடலில் தேங்கிய நீரை வடித்து மூச்சை இலகுவாக்கும். பெரும் தொகை கொடுத்து, பெரும் நம்பிக்கையோடு செய்துகொண்ட சிகிச்சை பலிக்கவில்லை என்று மனம் ஒப்புக்கொள்ளாது. எக்கோவில் வரும் பம்பிங் எண்ணோ, ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் பார்த்தால் ஐந்து புள்ளி கூடக் குறைய வரக்கூடியது. 28 ஆக இருந்தது 33 ஆகிவிட்டது என்பதற்குள் செல் எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. லண்டன் ஆய்வாளர்கள் 2014-இல் இந்தத் துறையின் 49 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் கட்டுரைகளுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்களையும் கூற்றுகளையும் தேடினார்கள், 604 கிடைத்தன. பிழைகள் அதிகமாக இருந்த ஆய்வுகளில் பம்பிங் சராசரியாக 7.7 புள்ளி உயர்ந்ததாக எழுதப்பட்டிருந்தது. பிழையே இல்லாத ஆய்வுகளில் உயர்வு இல்லை, சராசரி பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே. ஆய்வு எவ்வளவு சுத்தமோ, பலன் அவ்வளவு சுருங்கிக்கொண்டே போனது. இதய மருத்துவர் ஒவ்வொருவரும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய வரி இது என்று நினைக்கிறேன்.

நான் நேரில் பார்த்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வெளிநாட்டில் இதே சிகிச்சையை முடித்து வந்த ஆறாவது வாரத்தில், இரவு பதினொரு மணிக்கு சக்கர நாற்காலியில் என்னிடம் வந்தார். படுக்க முடியவில்லை. கால் வீக்கம் முழங்காலைத் தாண்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் விழுந்த குழி நிரம்பவே நேரமாயிற்று. வழக்கமான எடையைவிட ஏழு கிலோ கூடியிருந்தார். புதிய செல்கள் வேலை செய்யத் தொடங்கிவிடும், இனி நீர் மாத்திரை தேவைப்படாது என்று அங்கே ஒருங்கிணைப்பாளர் சொன்னதாகவும், அதை நம்பி நிறுத்திவிட்டதாகவும் அவர் மனைவி சொன்னார். பளபளப்பான கோப்பு ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால் தங்கநிற ஓரம் வைத்த ஒரு சான்றிதழ், அதில் செலுத்திய செல்களின் எண்ணிக்கை மட்டும் பெரிய எழுத்தில். செல் யாருடையது, எந்தத் தொகுதி, எங்கே வளர்த்தது, நோய்த்தொற்றுச் சோதனை நடந்ததா, இதயத் தமனியில் செலுத்தினார்களா அல்லது கை நரம்பில் சலைன் போல ஏற்றினார்களா என்று ஒரு வரி கிடையாது. ஐந்து நாள் ஊசி மூலம் நீர் வடித்த பிறகு அவர் படுத்துத் தூங்கினார். வீட்டுக்கு அனுப்பும் அன்று காலை, "அந்தச் செல்லெல்லாம் இன்னும் உள்ளே இருக்குமா டாக்டர்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்வதற்கு எனக்கு நெடுநேரம் ஆயிற்று.

அவருக்கு நேர்ந்தது சரி செய்யக்கூடியது. சரி செய்ய முடியாதவையும் நடந்திருக்கின்றன. பக்கவாதத்துக்காக மூன்று நாடுகளில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கர் ஒருவரின் முதுகுத்தண்டில் வேறொருவரின் செல்களிலிருந்து கட்டி வளர்ந்ததை 2016-இல் மருத்துவ இதழ் ஒன்று விவரித்தது. மெக்சிகோவில் இத்தகைய ஊசி போட்டுக்கொண்டு திரும்பியவர்களிடம், சாதாரண மருந்துக்கு மசியாத மைக்கோபாக்டீரியம் என்ற கிருமியின் தொற்று ஏற்பட்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் அறிவித்தது. உங்கள் அப்பாவின் விஷயத்தில் எனக்கு இன்னும் இரண்டு கவலைகள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜை எடுப்பதற்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் நிறுத்தச் சொன்னால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரக்கூடும். ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் அவற்றில் கைவைக்கவே கூடாது. தொப்புள் கொடியிலிருந்து எடுத்த பிறர் செல்லைச் செலுத்தினால், சிலருடைய உடலில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகும். நாளை அவருக்கு இதய மாற்று தேவைப்பட்டால், பொருந்தும் இதயம் கிடைப்பதை அவை கடினமாக்கிவிடும். கடைசி வாய்ப்பு என்று எண்ணிச் செய்வது, உண்மையான கடைசி வாய்ப்பைக் குறுக்கிவிடலாம்.

இப்போது மருந்துச் சீட்டுக்கு வருகிறேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால் சக்சினேட் 25 மில்லிகிராம், ராமிப்ரில் 1.25 மில்லிகிராம், நீர் மாத்திரையான ஃபுரோசமைடு 40 மில்லிகிராம். பதினான்கு மாதங்களாக இதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது இரத்த அழுத்தம் குறைவாக இருந்திருக்கும், அதனால் சிறிய அளவில் தொடங்கியிருப்பார்கள். அது சரியான செயல். பின்பு படிப்படியாக ஏற்றியிருக்க வேண்டும். ஏற்ற வேண்டிய வருகைகளுக்கு நீங்கள் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

பம்பிங் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்ந்தே வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. முதலாவது, இதயத் துடிப்பைத் தணித்து அதன் பாரத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா தடுப்பி. 1999-இல் வெளியான பெரிய ஆய்வில் இது மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆனால் அங்கே எட்ட முயன்ற அளவு 200 மில்லிகிராம். உங்கள் அப்பா எடுப்பது அதில் எட்டில் ஒரு பங்கு. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இடம் கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் கூட்டிக்கொண்டே போகலாம். இரண்டாவது, ராமிப்ரிலுக்குப் பதிலாக சாகுபிட்ரில்-வால்சார்டான் என்ற கூட்டு மருந்து. ராமிப்ரில் வகையைச் சேர்ந்த ஒரு பழைய மருந்தோடு ஒப்பிட்ட 2014 ஆய்வில், இதயநோய் மரணத்தையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் அது ஐந்தில் ஒரு பங்கு மேலும் குறைத்தது. ராமிப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்தே இதைத் தொடங்க வேண்டும், இரண்டும் ஒன்றாக உடலில் இருந்தால் முகமும் தொண்டையும் வீங்கி ஆபத்தாகும். ஆகவே இதை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். மூன்றாவது, ஸ்பைரோனோலாக்டோன். மிகப் பழைய, மிக மலிவான மாத்திரை. 1999-இல் கடுமையான இதயச் செயலிழப்பில் மரணத்தை 30 சதவீதம் குறைத்தது. இது உங்கள் அப்பாவின் சீட்டில் இல்லவே இல்லை. நான்காவது, சர்க்கரைநோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்டு, சர்க்கரைநோய் இல்லாதவர்களின் இதயத்துக்கும் உதவுகிறது என்று 2019-இல் தெரியவந்த டாபாகிளிஃப்ளோசின். இதயச் செயலிழப்பு முற்றுவதையும் இதயநோய் மரணத்தையும் சேர்த்து 26 சதவீதம் குறைத்தது. 2020 அக்டோபரில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி விலை நன்றாக இறங்கிவிட்டது. இதுவும் சீட்டில் இல்லை.

ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினால் ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் இரத்தத்தில் பார்த்தாக வேண்டும். உங்கள் ஊரில் தென்னை இருக்கும் வீடுகளில் உடம்பு முடியாதவருக்குத் தினமும் இளநீர் வெட்டிக் கொடுப்பது வழக்கம், அன்போடுதான் கொடுக்கிறோம். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் அது இதயத் துடிப்பையே குலைக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதும் பெரும்பாலும் பொட்டாசியம் உப்பே. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் கூடாது. அது உடலில் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஈசிஜி படத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. அப்பாவுக்கு இடது கிளை மின்தடை இருக்கிறது, கியூஆர்எஸ் அகலம், அதாவது இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்பு பரவ எடுக்கும் நேரம், 160 மில்லிசெகண்ட். இதயத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சுருங்க வேண்டும், ஆனால் இடது பக்கம் பிந்திச் சுருங்குகிறது. இரண்டு பேர் ஒரு வாளியைத் தூக்கும்போது ஒருவர் பிந்தினால் தண்ணீர் சிந்துவது போல, இருக்கிற பலமும் வீணாகிறது. இப்படிப்பட்டவர்களுக்காகவே இரு பக்கத்தையும் ஒருசேரத் தூண்டும் சிஆர்டி என்ற பேஸ்மேக்கர் இருக்கிறது. 2005-இல் 813 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், மருந்தோடு இந்தக் கருவியும் பெற்றவர்களின் மரணம் 36 சதவீதம் குறைந்தது. நான்கு மருந்துகளையும் முடிந்த அளவுக்கு ஏற்றி, மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்து, அப்போதும் பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால், சிஆர்டி வேண்டுமா, திடீர் மரணத்தைத் தடுக்கும் அதிர்வுக் கருவியும் சேர்த்து வைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இதற்குச் செலவு உண்டு, லட்சங்களில்தான் வரும், ஆனால் முகவர் கேட்ட தொகையை நெருங்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அளவுக்கு உதவி கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள். இவை அனைத்துக்கும் பிறகும் தேறாதவர்களுக்கு இதய மாற்று இருக்கிறது. தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையத்தின் வழியே முறையான பதிவுப் பட்டியல் உண்டு. 58 வயது அதற்குத் தடையான வயது இல்லை.

இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவது மூச்சுவாங்கலைக் குறைக்கும்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சியே வீண் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அது உண்மையில்லை. தோல் அல்லது இரத்தச் செல்லைக் கரு நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து துடிக்கும் இதயத் தசையையே ஆய்வகத்தில் வளர்க்கும் நுட்பம் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் முன்னேறிக்கொண்டிருக்கிறது. அப்படி வளர்த்த தசைத் தகட்டை மனித இதயத்தில் ஒட்டும் முதல் அறுவை சிகிச்சை ஜப்பானில் 2020-இல் நடந்தது. இவை மருத்துவ ஆய்வுகளாக, நெறிமுறைக் குழுவின் கண்காணிப்பில், சில பேரிடம்தான் முதலில் சோதிக்கப்பட்டன. முகவர் விற்பது இதுவல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், சில இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று நீங்கலாக, ஸ்டெம் செல்லைப் பதிவு செய்யப்பட்ட ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. எந்த நாட்டு ஆய்வாக இருந்தாலும் ஒன்றைப் பாருங்கள்: ஆய்வுக்கான ஊசிக்கு நோயாளியிடம் பணம் கேட்டால், அதிலிருந்து விலகிவிடுங்கள். ஆய்வுகளைப் பதிவு செய்யும் இணையப் பதிவேட்டில் எண் இருக்கிறது என்று காட்டினாலும் அது அரசின் ஒப்புதல் ஆகாது. பதிவு செய்வது வேறு, ஒப்புதல் பெறுவது வேறு.

மாதக் கடைசிக்குள் முன்பணம் என்ற கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பாவின் நோய்க்கு அப்படியொரு கெடு கிடையாது. பலன் தரும் எந்தச் சிகிச்சையும் அடுத்த மாதமும் பலன் தரும். முகவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: செல்களின் மூலம் எது, இதே சிகிச்சை பெற்ற எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருக்கிறார்கள், திரும்பி வந்து சிக்கல் ஏற்பட்டால் யார் பொறுப்பு. அவர் எழுத்தில் கொடுக்கும் பதிலைத் தம்பிக்கும் அனுப்புங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் தடுத்தால், பணத்துக்காகத் தடுப்பதாக வீட்டில் பேச்சு எழும். அந்தப் பழி உங்கள் மேல் விழக் கூடாது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 'வேண்டாம்' என்ற சொல்லோடு தொடங்காதீர்கள். நிலத்தை விற்கத் துணிந்திருக்கிறார் என்றால், இன்னும் பல ஆண்டுகள் வாழ ஆசைப்படுகிறார் என்று பொருள், அந்த ஆசையை மதித்துப் பேசுங்கள். மருந்துச் சீட்டை அவர் முன்னால் விரித்து, இதில் சேர வேண்டியவை இத்தனை, ஏற வேண்டியவை இத்தனை, மூன்று மாதம் இதைச் செய்து பார்ப்போம், அதுவரை நிலம் நிற்கட்டும் என்று கேளுங்கள். மூன்று மாதம் என்று சொன்னால் பெரும்பாலான அப்பாக்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர் கையில் வேலையும் கொடுங்கள். ஓர் எடைக்கருவி வாங்கி, தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன் ஏறி நின்று, எடையை நாட்காட்டியில் அவரே எழுதட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்போ தசையோ இல்லை, தேங்கிய நீர். அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கருவாடு, அப்பளம், வடகம், ஊறுகாய் நான்கும் தட்டில் வர வேண்டாம். சம தரையில் மூச்சு வாங்காத அளவுக்கு மாலையில் நடக்கட்டும்.

அடுத்த வாரமே உங்கள் இதய மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது பொட்டாசியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் முடிவுகளும், ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதிய இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கையில் இருக்கட்டும். அவை இருந்தால் அன்றே மருந்தை ஏற்ற முடியும், இல்லாவிட்டால் இன்னொரு மாதம் வீணாகும். மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோவை, முன்பு எடுத்த அதே இடத்தில், முடிந்தால் அதே மருத்துவரிடம் எடுங்கள். அந்தப் படத்தையும் புதிய ஈசிஜியையும் எனக்கு அனுப்புங்கள், கருவி பற்றி அப்போது பேசுவோம்.